ஐந்தாவது நிரையில் அம்மா

எங்கள் அண்ணன் கண்மூடிப் பதினாறு நாளாகிறது. காரியத்துக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவுகளே, நண்பர்களே, அண்ணனைத் தேயிலைக் கொழுந்து லோரி ஓட்டியவராகத்தான் உங்களில் பலருக்குத் தெரியும். படம் வரைந்தவர் என்று தெரிந்தவர்கள் குறைவு.

அண்ணன் பிறந்தது இதே தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில். அப்பா சீக்கிரமே போய்விட, ஆறாம் வகுப்போடு வேலைக்குப் போனார். அம்மாவின் கூடையும் அண்ணனின் சம்பளமும்தான் எங்களை வளர்த்தன. வரைய யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. வளைவில் லோரியை நிறுத்திவிட்டு மலையையே பார்த்துக்கொண்டிருப்பார். "கொழுந்து வாடுதுய்யா!" என்று தோட்டத்துக் கணக்குப் பார்க்கும் கிராணி கத்துவார். "பேக்டரில எப்படியும் வாட வைக்கத்தானே போறீங்க?" என்பார் அண்ணன்.

லயத்துச் சுவருக்கு அடித்து மிஞ்சிய சாயத்தைக் கேட்டு வாங்கி, தேயிலைப் பெட்டிப் பலகையில் வரைவார். ஆட்களைப் பெரிதாகப் போடமாட்டார். ஈர்க்குச்சி நுனியால் ஒரு புள்ளி, அவ்வளவுதான். ஆனாலும் கொழுந்தெடுக்கும் பெண்கள் பார்த்தவுடன் ஆளைச் சொல்லிவிடுவார்கள். தேயிலைச் செடி வரிசையில் அவரவருக்கு அவரவர் நிரை அல்லவா? "இந்தா, நான் நிக்கிறேன் பாரு! அண்ணே, கொஞ்சம் ஒல்லியா போட்டிருக்கக் கூடாதா?" என்று ஒரே சத்தமாக இருக்கும்.

அம்மா தவறிய பிறகு அண்ணன் வரைந்த பெரிய படத்தில், ஐந்தாவது நிரையில் ஒரு வெள்ளைப் புள்ளி. அம்மாவின் தலைத்துணி. அடையாள அட்டையில் பயந்து விழிக்கும் முகத்தைத் தவிர, அம்மாவுக்கு இருந்த படம் அது ஒன்றுதான். பிரிஞ்சாங் பட்டணத்தில் ஓர் ஓட்டலில் மாட்டுவதற்கு அதைக் கேட்டார்கள். கொண்டுபோகுமுன் தூசு துடைக்கும் வேலை எனக்கு. பறவை எச்சம் என்று நினைத்து, மண்ணெண்ணெய்த் துணியால் அந்தப் புள்ளியை அழுத்தித் தேய்த்துவிட்டேன்.

மாட்டிய பிறகுதான் அண்ணன் பார்த்தார். "ஏண்டா, அம்மாவத் தொடச்சிட்டியா?"

நான் அழுதேன். தோளைத் தட்டினார். "அம்மா டீ குடிக்கப் போயிருக்கு லா. வந்துரும்."

அதன்பின் பார்க்கும்போதெல்லாம், "அந்தப் புள்ளிய வச்சிருங்கண்ணே" என்று கெஞ்சுவேன். "வரும்டா" என்பார். அப்படியே வருஷங்கள் போயின. கைநடுக்கம் வந்து, குச்சி பிடிக்க முடியாமல் போனது. போன மாதம் படுக்கையிலிருந்து கூப்பிட்டார். "நீதானே தொடச்ச? நீயே வச்சிட்டு வா."

ஓட்டல் முதலாளி தவுக்கே, தானே நாற்காலி எடுத்துப் போட்டார். நிரைகளை எண்ணி எண்ணிப் புள்ளி வைத்தேன். கைப்பேசியில் படம் பிடித்துவந்து காட்டினேன். அண்ணன் உற்றுப் பார்த்தார்.

"டேய், நாலாவதுல வச்சிட்ட! அது அம்மாகூடக் கொழுந்தெடுத்த ராசம்மா அத்தை நிரைடா. ரெண்டு பேருக்கும் சண்டை வந்துரப் போவுது!"

சிரிப்பில் இருமலே வந்துவிட்டது. மறுநாள் போய் ஐந்தாவதிலும் ஒன்று வைத்துக் காட்டினேன். "ம்ம். வந்துருச்சு" என்றார். அன்று நன்றாகத் தூங்கினார்.

கடைசிவரை அண்ணனைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்ட அண்ணிக்கும், மருத்துவமனைக்குத் தம் காரில் ஏற்றிச்சென்ற பக்கத்து வீட்டாருக்கும், இம்மலரில் அச்சிடப் படத்தைக் கழற்றித் தந்த தவுக்கேவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ராசம்மா அத்தைக்குத் தனி நன்றி. "எனக்கும் ஒரு படம் கெடச்சிச்சு, அழிச்சிராத தம்பி" என்று நாலாவது நிரைப் புள்ளியைத் தமக்கே வைத்துக்கொண்டார்.

படம் பின்னட்டையில் இருக்கிறது. வெள்ளையாக இரண்டு புள்ளிகள் தெரியும். அச்சுப் பிசகு என்று நினைத்துச் சுரண்டிவிடாதீர்கள்.

அண்ணனின் தம்பி