சட்டத்தரணியின் வெள்ளிக்கிழமைகள்

விக்டோரியா நிலையத்தில் ரயிலை விட்டு இறங்கி வந்த என் கணவர், எனக்குக் கை கொடுத்தார். கட்டிப்பிடிப்பது எங்கள் வழக்கமில்லைதான். ஆனால் கட்டின மனைவியோடு கைகுலுக்கிய யாழ்ப்பாணத்தார் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள். அவர் வேலை செய்த பிரெஞ்சு சேமிப்பு வங்கியில், காலையில் வந்ததும் மேசை மேசையாகப் போய் எல்லோருக்கும் கை கொடுக்க வேண்டுமாம். அந்தப் பழக்கத்தில் கை என்னிடமும் நீண்டுவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. பிடித்த கையை விடத்தான் மனம் வரவில்லை.

அது தொண்ணூறுகளின் தொடக்கம். கொழும்பில் படித்த சட்டம் பிரான்சில் செல்லாது என்றதும், அகதியாகப் போன மனிதர் மொழியைக் கற்று, சட்டத்தை முதலிலிருந்து படித்தார். சிறு பட்டணங்களின் சேமிப்பு வங்கிகளை ஒன்றாக இணைத்துக்கொண்டிருந்த காலம். ஊர் ஊராகப் போய் அந்த இணைப்பு ஒப்பந்தத்தை விளக்குவதுதான் அவருக்குக் கிடைத்த முதல் வேலை. வெள்ளிக்கிழமைக் கூட்டம் முடிந்தால் பெரிய விருந்து நடக்கும். அன்றைக்கு மச்ச மாமிசம் தொடாத இவர், பாணும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டுவிட்டு, டூட்டிங்கில் நான் ஆக்கிவைக்கும் மரக்கறிச் சோற்றுக்கு ரயிலேறிவிடுவார். நான் இங்கே, ஆங்கிலேயர் நாட்டில், ஆஸ்பத்திரித் தாதி. ஞாயிறு பின்னேரம் அவர் போனபின் வீடு வெறிச்சென்றிருக்கும். அவர் தேநீர் குடித்த கோப்பையைக் கழுவவும் மனம் வராது.

பிறகு டூட்டிங்கில் ஒரு சட்ட அலுவலகத்தில் அவருக்கு மொழிபெயர்ப்பாளர் வேலை கிடைக்கும்போல் இருந்தது. இங்கே சட்டத்தரணியாவதென்றால் மூன்றாம் தடவையும் படிக்க வேண்டும். பிளாட்பாரத்தில் நின்று சொன்னார்: "நீர் வாங்கோ எண்டு சொன்னால் வந்திடுவன்."

சொல்லியிருக்கலாம். ஆனால் லீவில் பிரான்சுக்குப் போயிருந்தபோது, வாடிக்கையாளர் கூட்டமொன்றில் பின்வரிசையில் இருந்து அவரைப் பார்த்துவிட்டேன். மண்டபம் நிறைய நரைத்த தலைகள். முணுமுணுத்துக்கொண்டிருந்தவர்கள் இவர் எழுந்து பேசத் தொடங்கியதும் அடங்கிப்போனார்கள். கொழும்பில் நான் ஆசைப்பட்டுக் கட்டிய இளம் சட்டத்தரணி அங்கே திரும்ப வந்து நின்றார். அவரை டூட்டிங்கில் கோப்பு தூக்க விட எனக்கு மனம் வரவில்லை. மொழி தெரியாத ஊரில் என் தாதி வேலையை விட்டுவிட்டுக் குடியேறவும் துணிவில்லை. "வேண்டாம், அங்கையே இருங்கோ" என்றேன்.

ஓய்வு பெற்ற பிறகுதான் அவர் டூட்டிங்குக்கு வந்து சேர்ந்தார். போன மாதம் ஒருநாள், அன்றைக்கு நான் வாங்கோ என்று சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டேன்.

"வந்திருப்பன். வந்து, ஒவ்வொரு நாளும் உம்மோட சண்டை பிடிச்சிருப்பன்."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஒவ்வொரு நாளுக்கும்தானே நான் ஏங்கிக் கிடந்தேன்.