எட்டு ஸ்குரூவும் என் இரண்டு முழங்காலும்

பலெர்மோவில் இருந்துகொண்டு பனியில் சறுக்கப் போகலாமா என்று கேட்பவர்களுக்காக எழுதுகிறேன். தாராளமாகப் போகலாம். நான் போன மாதிரி மட்டும் போகாதீர்கள்.

தொண்ணூற்றேழு மாசி, ஒரு ஞாயிறு. நான் வேலை செய்த வீட்டு எசமானி ஸிஞ்ஞோராவின் மகன் மிலானுக்குப் போகும்போது தன் கார்விங் ஸ்னோபோர்டை எனக்குத் தந்திருந்தார். விளிம்பால் பனியை அரிந்து வளைந்து போகும் ஒடுக்கமான பலகை. இரண்டு குளிர்காலம் சாதாரணப் பலகையில் சறுக்கிய திமிர் எனக்கு.

சப்பாத்தைப் பலகையோடு பிடிக்கும் பைண்டிங்குகளை முதல் நாளே வீட்டில் பூட்டினேன். படுக்கையில் கிடந்த ஸிஞ்ஞோராவின் கணவரைத் தூக்கி இருத்துவதுதான் என் வேலை. காலை நன்றாக அகட்டி நின்றால்தான் இடுப்புத் தப்பும். அதே பழக்கத்தில் பைண்டிங்குகளையும் ஐம்பத்திரண்டு சென்டிமீட்டர் இடைவெளியில், கடைசித் துளைகளில் பூட்டிவிட்டேன்.

மனைவி வசந்தி எட்டிப் பார்த்தாள். “என்னப்பா, கட்டில் தூக்கப் போறியளோ?”

“உமக்கு இது விளங்காது,” என்றேன்.

காலை ஆறு மணிக்கு ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துப் பக்கத்திலிருந்து எங்கள் பழைய காரில் புறப்பட்டோம். மதோனியே மலையில் பனிச்சறுக்குக்குப் பேர்போன பியானோ பத்தாலியா நூறு கிலோமீட்டர் அளவில் வரும். கடைசி வளைவுகளில் சக்கரத்துக்குச் சங்கிலி பூட்ட வேண்டியிருந்ததால் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் பிடித்தது. வசந்தி கீழே நிற்க, நான் சறுக்குபவர்களை மலையேற்றும் லிஃப்டில் மேலே போனேன்.

பனி சீமெந்தாக இறுகிக் கிடந்தது. முதல் திருப்பத்திலேயே பலகை என் சொல்லுக்கு மசியவில்லை. அகட்டிய காலில் முழங்கால் மடியவில்லை. மடியாமல் பலகையை விளிம்புக்குச் சரிக்க முடியாது. அது நேரே மரங்களை நோக்கிப் போனது. வேண்டுமென்றே விழுந்தேன். வலது முழங்காலுக்குள் சுரீரென்றது.

முழங்கால் போனால் தூக்கும் வேலை போய்விடும். வேறு வேலை எனக்கு இல்லை.

காற்றுக்கு லிஃப்டும் நின்றுவிட்டது, இனிச் சறுக்கித்தான் இறங்கவேண்டும். பலகையைக் கழற்றி, தவழாத குறையாக மேலேறி, உச்சியிலிருந்த லிஃப்ட்காரரின் குடிலில் ஸ்குரூ டிரைவர் கேட்டேன்.

“இப்படிப் பூட்டினால் காலிரண்டும் சண்டைதான் பிடிக்கும்,” என்றார் இத்தாலியனில். “இரண்டையும் சமமாக உள்ளே தள்ளு. கெதியாகச் செய், முகில் இறங்குகிறது.”

மொத்தம் எட்டு ஸ்குரூ. ஆறாவது விறைத்த விரலிலிருந்து நழுவிப் பனிக்குள் விழுந்தது. கிண்டிக் கிண்டி எடுப்பதற்குள் உயிர் போய் வந்தது. நாற்பத்தாறில் பூட்டி, ஏறி நின்று குந்திப் பார்த்தேன். முழங்கால்கள் மடிந்தன. ஆனால் வலது நொந்தது.

பத்து மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. இடப்பக்கம் சரித்தேன், பலகை பனியைக் கடித்துத் திரும்பியது. வலப்பக்கமும் திரும்பியது. ஒவ்வொரு திருப்பத்துக்கும் மூச்சைப் பிடித்து, கீழே வந்து சேர்ந்தேன்.

“ஏனப்பா நொண்டுறியள்?” என்றாள் வசந்தி.

“ஒண்டுமில்லை.”

அவள் அத்தனை பேருக்கு முன்னால் பனியில் முழந்தாளிட்டு, என் முழங்கால்களை மாறி மாறி அமத்திப் பார்த்தாள். வலதில் நான் துடித்ததும் நிமிர்ந்தாள். “இது உங்கட முழங்கால் மட்டுமில்லை. நொந்தால் எனக்கும் சொல்லவேணும்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டு கிழமையில் நோவு போய்விட்டது, கொடுத்துவைத்தவன் நான்.

போகிறவர்களுக்கு: கார்விங் பலகையில் தோளகலத்தில் தொடங்குங்கள். மாற்றினால் இரு பக்கமும் சமமாக மாற்றுங்கள். ஸ்குரூ டிரைவர் சட்டைப்பையில் இருக்கட்டும். லிஃப்டில் ஏறமுன், உங்களுக்காகக் கீழே நிற்கப்போகிறவர் பார்க்க, ஒருதரம் குந்தி எழும்பிக் காட்டுங்கள்.