சாப்பிட்டுச்சா, டீச்சர்?

போன வருஷம் ஆடி மாசத்தில் எங்கள் வீட்டுக்கு ஒரு நாய் வந்தது. நாங்கள் கேட்டு வாங்கியதல்ல. கோட்டையூரில் எங்களுக்கு அடுத்த தெருவில், தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் குடியிருந்தார். அவர் வளர்த்த நாட்டு நாய். மனைவி இறந்த பிறகு அந்த வீட்டில் அவரும் அதுவும் மட்டும்தான். அவருக்கு இதயத்தில் ஆபரேஷன் ஆனதும், மகள் சென்னைக்குக் கூட்டிப்போவது என்று முடிவானது. மகள் வீடு நாலாவது மாடி. பேரனுக்கு மூச்சிரைப்பு வேறு. நாயைக் கொண்டுபோக வழியில்லை.

கல்லல் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். தினமும் காலையில் பஸ்ஸுக்குப் போகும்போது அவர் வீட்டு வாசலில் கிடக்கும் அந்த நாயின் தலையைத் தடவிவிட்டுப் போவேன். அவ்வளவுதான் எனக்கும் அதற்கும் பழக்கம். அதை நம்பித்தான் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"டீச்சர், ஒங்கள விட்டா இதுக்கு வேற ஆள் இல்ல. மாட்டேன்னு சொல்லிராதீக."

என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் நாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். சரி என்று சொல்லிவிட்டோம்.

கிளம்பும்போது ஒரு தாளை என் கையில் கொடுத்தார். தபால்காரக் கையெழுத்து, அடித்தல் திருத்தல் இல்லாமல் இருந்தது. காலையில் இரண்டு இட்லி. மத்தியானம் பருப்புச் சாதம், நெய் விட்டு. ராத்திரி தயிர்ச் சாதம். அவர் சுத்த சைவம், நாயும் அப்படியே. கடைசி வரியில், 'உருட்டிக் கையில் கொடுத்தால்தான் சாப்பிடும்' என்று எழுதியிருந்தார்.

அதைப் படித்து நாங்கள் சிரித்தோம். எங்கள் வீட்டில் வாரத்தில் மூன்று நாள் கறியோ மீனோ இருக்கும். கறிச்சோறு போட்டால் எந்த நாய் வேண்டாமென்று சொல்லும் என்று நினைத்தோம். முதல் ஞாயிற்றுக்கிழமை கோழியை வேகவைத்து, எலும்பெடுத்து, சோற்றில் பிசைந்து வைத்தேன். கிட்டே வந்து மோந்து பார்த்தது. பிறகு தட்டைச் சுற்றிப் போய் வாழை மரத்தடியில் படுத்துக்கொண்டது. ஈரல், நெத்திலி, ஆட்டுக்கால் சூப்பு, எதற்கும் வாய் திறக்கவில்லை.

சரி, அவர் எழுதிக் கொடுத்தபடியே செய்வோம் என்று இட்லிக்கும் பருப்புச் சாதத்துக்கும் வந்தேன். மத்தியானம் வீட்டில் ஆள் இருக்காது என்பதால் இரண்டும் காலையிலேயே. உருட்டிக் கொடுத்தால் நாலு உருண்டை வாங்கும். அஞ்சாவதை வாயில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்க்கும். எனக்கு ஏழே முக்காலுக்குப் பஸ். அது ஒரு உருண்டையை மென்று முடிப்பதற்குள் நான் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்ப்பேன். கையை உதறிவிட்டு ஓடுவேன். தட்டில் மிச்சம் இருப்பதைக் காக்கா தின்னும்.

வீட்டுக்காரர் மளிகைக்கடை வைத்திருக்கிறார். அரிசி மூட்டை நிறுக்கும் தராசு அங்கே இருக்கிறது. வந்த அன்றைக்கு அதில் ஏற்றி நிறுத்தபோது பதினாலு கிலோ இருநூறு. நாலு வாரம் கழித்து நிறுத்தால் பதினொன்று எண்ணூறு. விலா எலும்பைத் தொடாமலே எண்ணலாம். தெருவில் போகிறவர்கள், "என்ன டீச்சர், நாயப் பட்டினி போடுறீகளா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். கேட்டவர்களுக்கு விளையாட்டு. எனக்கு முகம் சுண்டிப்போகும்.

காரைக்குடியில் கால்நடை டாக்டரம்மாவிடம் கொண்டுபோனோம். பல்லைப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார், ரத்தம் எடுத்தார். பூச்சி மருந்து கொடுத்தார். இரண்டு நாள் கழித்து ரத்தத்தில் ஒன்றுமில்லை என்றார்.

"நோய் இல்லம்மா. ஆனா இன்னும் நாலு கிலோ கூடணும். தட்ட வைங்க, கால் மணி நேரம் பாருங்க. சாப்பிடலையா, எடுத்துருங்க. கையில ஊட்டாதீங்க, நடுவுல எதுவும் கொடுக்காதீங்க. அடுத்த வேளைக்குத் தானா வரும்."

"வரலைன்னா, டாக்டர்?"

"ரெண்டு நாள் பாருங்க. அதுக்கு மேல போனா எனக்குப் போன் பண்ணுங்க."

நான் ஒரு பழைய நோட்டை எடுத்துக் கோடு போட்டேன். தேதி, காலை, ராத்திரி, எவ்வளவு சாப்பிட்டது. பாதி, கால், ஒன்றுமில்லை என்று எழுதிவந்தேன். முதல் வாரமே ஒரு திருட்டு பிடிபட்டது. கடைக்குக் கூடவே போகும் நாய்க்கு வீட்டுக்காரர் ரஸ்க் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்னாங்க இது?"

"மொகத்தப் பாத்தா பாவமா இருக்குல்ல."

"ஒங்க பாவத்துலதான் அது சோறு திங்க மாட்டேங்குது."

ரஸ்க்கை நிறுத்தினார். காலைச் சாப்பாடு கொஞ்சம் தேறியது. தட்டிலேயே பாதி இட்லியாவது தின்றது. ராத்திரிச் சாப்பாடுதான் நகரவே இல்லை. நோட்டில் ராத்திரிக் கட்டம் முழுக்க சைபராக இருந்தது.

நாயைக் கொடுத்தவர் சென்னையிலிருந்து தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குப் போன் பண்ணுவார். எடுத்ததும், "சாப்பிட்டுச்சா, டீச்சர்?" அடுத்து, "போன அது காதுகிட்ட கொஞ்சம் வைங்க." நான் ஸ்பீக்கரில் போட்டு நீட்டுவேன். அதன் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார். சமத்தா சாப்பிடணும், டீச்சரப் படுத்தக் கூடாது என்பார். நாய் காதைத் தூக்கி, தலையைச் சாய்த்துக் கேட்கும். அவர் வைத்ததும் எழுந்து வாசல் கேட்டுக்குப் போய், கம்பிக்கு நடுவில் மூக்கை வைத்துப் படுத்துக்கொள்ளும். குரல் கேட்டால் அதற்கு ஆறுதலாக இருக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

புரட்டாசியில் மூன்று நாள் போன் வரவில்லை. நாலாவது நாள் பேசியவர், செக்கப்புக்காக ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டார்கள், போனை மகள் வாங்கி வைத்துக்கொண்டாள் என்றார். அன்றைக்கு நோட்டை எழுதும்போது மேலே பார்த்தேன். அந்த மூன்று ராத்திரியும் முழுத் தட்டு. அன்றைக்கு மறுபடியும் சைபர்.

வீட்டுக்காரரிடம் நோட்டைக் காட்டினேன். அவர் அந்த மூன்று கட்டத்தையும் விரலால் தொட்டுப் பார்த்தார்.

"நெஞ்சு ஆபரேஷன் பண்ணுன மனுசன். அவருக்கிட்ட இத எப்புடிச் சொல்லுவ?"

ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். அந்த வாரமும் சைபர்தான். கடைசியில் ஒரு நாள் அவர் கூப்பிடுவதற்கு முன்னால், பள்ளிக்கூடத்து வேப்ப மரத்தடியிலிருந்து நானே கூப்பிட்டேன்.

"சார், தப்பா நெனைக்காதீக. ஒங்க கொரலக் கேட்டா அது வாசல்லயே கெடக்கு. நீங்க வரப்போறீகன்னு நெனைக்குது போல. சோத்தத் தொட மாட்டேங்குது."

அவர் ஒன்றை மட்டும் கேட்டார்.

"எம் பேச்சுக் கேக்காட்டி சாப்பிடுதா?"

"சாப்பிடுது சார். நீங்க பேசாத மூணு நாளும் மிச்சம் வைக்கல."

"அப்ப நான் பேசல, டீச்சர்."

வைத்துவிட்டார். அடுத்த பீரியடில் நான் ஒரு சாதாரணக் கழித்தலைத் தப்பாகப் போட்டேன். பிள்ளைகள்தான் திருத்தினார்கள்.

அதற்குப் பிறகு, ஞாயிற்றுக்கிழமை தோறும் தராசில் ஏற்றி, எடையைப் படம் பிடித்து அவருக்கு அனுப்பினேன். அவர் பதிலுக்கு இன்னும் எவ்வளவு கூட வேண்டும் என்பதை மட்டும் எழுதுவார். 'இன்னும் 3 கிலோ 600.' அடுத்த வாரம், 'இன்னும் 3 கிலோ 350.'

கார்த்திகை வாக்கில் எடை ஏறாமல் நின்றுவிட்டது. பருப்பும் தயிரும் மட்டும் போதாது, முட்டை சேருங்கள் என்று டாக்டரம்மா சொன்னார். சாருடைய நாயாகவே அது இன்னும் என் மனசில் இருந்ததால், முட்டை கொடுக்கலாமா சார் என்று கேட்டு எழுதினேன். ஒரு நாள் முழுக்கப் பதில் இல்லை. மறுநாள் வந்தது: 'எனக்கே டாக்டர் முட்டை சாப்பிடச் சொல்லியிருக்கிறார். கொடுங்கள்.'

முட்டையைத் துண்டு துண்டாகப் போட்டால் சோற்றைத் தின்றுவிட்டு முட்டையை வரிசையாகத் தரையில் எடுத்து வைத்தது. வேகவைத்த முட்டையைத் தேங்காய்த் துருவியில் தேய்த்து, தயிர்ச் சாதத்தோடு கண்ணுக்குத் தெரியாமல் கலந்தேன். முதலில் கால் முட்டை, பத்து நாள் கழித்து அரை. தை மாசத்தில் முழு முட்டை தின்றது. அதை வீடியோ எடுத்து அனுப்பினேன். 'அது ஜெயித்துவிட்டது. என்னால் இன்னும் முடியவில்லை' என்று எழுதினார். கோழி வேகவைத்த தண்ணீரை உப்பில்லாமல் சோற்றில் விட்டதெல்லாம் அதற்கப்புறம். கறித்துண்டை இன்றைக்கும் தொடுவதில்லை.

பங்குனி உத்திரத்துக்கு மகளோடு குன்றக்குடிக்கு வந்தவர், அப்படியே வீட்டுக்கு வரலாமா என்று கேட்டார். வாங்க சார் என்றேன். மனசுக்குள் பயம்தான். எட்டு மாசப் பாடு.

அவர் காரை விட்டு இறங்கியதும் நாய் ஊளையிட்டது. அப்படி ஒரு சத்தத்தை நான் அதனிடம் கேட்டதில்லை. அவரைச் சுற்றி ஓடி, நின்ற இடத்திலேயே சிறுநீர் விட்டு, அவர் செருப்பின் மேல் படுத்துப் புரண்டது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து அதன் விலாவைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"எலும்பு தட்டுப்படல, டீச்சர்," என்றார். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு காருக்குப் போனாள்.

அவர்கள் போன பிறகு நாய் கேட்டுக்குப் போய்ப் படுத்தது. அன்று ராத்திரி சாப்பிடவில்லை. மறுநாள் காலையும் சாப்பிடவில்லை. கால் மணி நேரம் பார்த்தேன், தட்டை எடுத்தேன், பஸ் ஏறினேன். நாள் முழுக்க எனக்கு வகுப்பில் மனசு நிற்கவில்லை. சாயங்காலம் வந்து தட்டை வைத்தபோது, கேட்டிலிருந்து மெதுவாக எழுந்து வந்தது. மோந்து பார்த்தது. பாதி தின்றது, போய்த் தண்ணீர் குடித்தது, திரும்பி வந்து மீதியையும் தின்றது.

இப்போது பதினாறு கிலோ முந்நூறு. அவர் இரண்டு மாசத்துக்கு ஒரு தடவை வருகிறார். வந்து போனால் ஒரு வேளை சாப்பாடு கெடுகிறது. அதை நோட்டில் எழுதுவதை விட்டுவிட்டேன்.