மூன்று பூட்டு

"பேத்தி எழுநூத்தம்பது கிராம்தாம்மா, கண்ணாடிப் பெட்டியில வச்சிருக்கோம்" என்றார் நர்ஸ். தலையாட்டினேன். மகளுக்கு மாற்றுச்சேலை எடுக்க வீட்டுக்கு வந்து, அம்மா காலத்துப் பூட்டைத் திறந்தேன்.

அம்மா சந்தையில் உதிரி மல்லிகை விற்றாள். கால் கிலோ எடைக்கல் தொலைந்ததும், அதே கனமுள்ள இந்தப் பூட்டைத் தராசில் வைத்தாள். "அக்கா, ஒரு பூட்டு பூ குடுங்க" என்றே கேட்பார்கள். பூட்டு சந்தைக்குப் போய்விடும். வீடு திறந்து கிடக்கும். "நான் வார வரைக்கும் பாத்துக்கடி" என்பாள். நான் வாசற்படியை விட்டு நகரமாட்டேன்.

சேலையை எடுத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன்.

"வீட்டப் பூட்டலையாக்கா?" என்றார் டிரைவர்.

பூட்டு என் உள்ளங்கையில் இருந்தது. இதைப்போல் இன்னும் இரண்டு சேர்ந்தால்தான் பேத்தி.