முதுகைக் காட்டிய காலை

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து மாமனார் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால், எனக்கும் என் மனைவியின் தம்பிக்கும் குத்துச்சண்டைப் பேச்சு தொடங்கிவிடும். அந்தக் காலத்து ஹெவிவெயிட் சாம்பியன்கள் பெரியவர்களா, இன்றைக்கு இருப்பவர்களா என்பதுதான் வழக்கு. மைசூரிலேயே வளர்ந்த அவன் வாயில் அத்தான் என்று வராது. பாவாதான்.

"பாவா, இப்ப இருக்கறவன் ஆறே முக்கால் அடி. உங்க ஆளு கிட்டயே வர முடியாது."

"உயரம் என்னடா உயரம்? அப்பெல்லாம் பதினஞ்சு ரவுண்டு நின்னாங்க. இவன் மூணாவது ரவுண்டுலயே மூச்சு வாங்கிட்டு எதிராளியைக் கட்டிப் பிடிச்சுக்கறான்."

போன மாதம் இன்னும் கொஞ்சம் வாய் நீண்டது. டிவியில் பார்த்த சண்டையில் கண் வீங்கிப்போன ஒருவர் அடுத்த சுற்றுக்கு எழுந்திருக்கவில்லை, ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டார். "கோழை" என்றேன்.

"அந்தக் காலத்துலயும் அப்படி உக்காந்திருக்காங்க பாவா."

"அப்போ அவங்களும் கோழைங்கதான்."

அவன் கோபப்படவில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறான்; ஷிப்டுக்கு முன்னால் தினமும் காலையில் குத்துச்சண்டைப் பயிற்சிக்குப் போவான். "சனிக்கிழமை என்கூட வாங்களேன், சும்மா ஒரு தடவை" என்று மட்டும் சொன்னான்.

தேவராஜ மொஹல்லாவில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே இருந்தது அந்த இடம். கையுறை மாட்டி, தலைக்கவசம் போட்டு அவன் எதிரே நின்றேன். தாடையைத் தாழ்த்த வேண்டும், இடது கையை இறக்கக் கூடாது, எல்லாம் எனக்குத் தெரியும். நாலைந்து குத்து விட்டேன். ஒன்றும் படவில்லை. அதற்குள் மூச்சு இரைத்தது. அப்போதுதான் அவன் என் மூக்கில் ஒன்று வைத்தான்.

மெதுவாகத்தான் வைத்தான். வேண்டுமென்றே அடக்கிக் கொடுத்த குத்து என்பது எனக்கே புரிந்தது. ஆனாலும் கண் நிறைந்து எதுவும் தெரியாமல் போனது. அடுத்தது வந்துவிடும் என்று பயந்து முழுசாகத் திரும்பி, அவனுக்கு முதுகைக் காட்டி, இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு கயிற்றோடு ஒட்டி நின்றேன். "போதும்டா, போதும்!" அந்தக் கீச்சுக்குரல் என்னுடையதுதான்.

ஓரத்தில் ஸ்கிப்பிங் ஆடிக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பயிற்சியாளர் ஓடி வந்து, "பர்வாகில்லா சார், முதல் தடவை எல்லாருக்கும் இப்படித்தான்" என்று நாற்காலி போட்டார். உட்கார்ந்தேன். கண் வீங்கிய அந்த மனிதர் அரைமணி நேரம் நிஜமான அடி வாங்கியபின் உட்கார்ந்தவர். நான் அவருக்கு ஒரு பெயர் வைத்திருந்தேன். காது சுட்டது.

மறுநாள் மாமனார் கேட்டார்: "என்ன மாப்ளே, ரிங்குல இறங்கினீங்களாமே?"

எனக்கு முன்னால் மச்சான் பதில் சொன்னான். "பாவா நல்லா ஆடினாருப்பா. நான்தான் டயர்டாயிட்டேன்."

மனைவி பெருமையாக என்னைப் பார்த்தாள். இன்னொரு மீன் துண்டை என் தட்டில் வைத்தாள். இல்லை, அவன் பொய் சொல்கிறான் என்று நான் சொல்லியிருக்கலாம். குனிந்து முள் எடுக்க ஆரம்பித்தேன்.