ஓரகத்தியின் ரத்தம்

"ஆவணி 9, செவ்வாய். தேவிக்கு இடது ஆள்காட்டி விரலில் சிப்பி ஓடு கிழித்தது. பச்சிலை வைத்தாள். எண்பது எண்ணுவதற்குள் ரத்தம் நின்றது. எனக்கு வலது கட்டைவிரலில் இறால் கொம்பு குத்தியது. அதே பச்சிலை. அறுநூறு எண்ணியும் நிற்கவில்லை. எண்ணுவதை விட்டேன்."

அன்றைய தேதியில் என் நோட்டில் இருப்பது இவ்வளவுதான். அறுநூறு எண்ணிய நேரமெல்லாம் எனக்குள் இருந்த பொறாமையை நான் எழுதவில்லை. இதய வால்வு மாற்றிக்கொண்டு, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், அவர்களுக்காக இப்போது அதையும் சேர்த்து எழுதுகிறேன். என்னை மருத்துவமனைக்குத் திருப்பி அனுப்பியது அந்தப் பொறாமைதான்.

தேவி என் ஓரகத்தி. என் கணவர் ஏழுமலையின் தம்பி மனைவி. பழவேற்காடு ஏரிக்கரையில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருக்கிறோம். எங்களுக்கு வலை கிடையாது. இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, சேற்றைத் தடவி, கையாலேயே இறால் பிடிப்போம். பிடித்ததைப் போடும் ஓலைக்கூடைக்குப் பறி என்று பெயர். இரண்டு கையும் சேற்றுக்குள் இருப்பதால் பறியின் விளிம்பைப் பல்லால் கவ்விக்கொள்ள வேண்டும்.

சேற்றில் சிப்பி ஓடு கிழிக்காத நாள் இருக்காது. அதற்காக மடியில் கொஞ்சம் பச்சிலை வைத்திருப்போம். கிழித்தால் இலையை மென்று காயத்தில் அப்புவோம். வாயில் மிஞ்சும் சாற்றைத் துப்ப மாட்டோம். துப்பினால் காயம் மறுபடி திறந்துகொள்ளும் என்று பேச்சு. விழுங்கிவிட்டு பறியைக் கவ்வுவோம். வெளியில் பாதி வேலை, உள்ளே பாதி வேலை என்றுதான் நானும் நம்பியிருந்தேன். நூலகத்திலிருந்து வாரம் இரண்டு புத்தகம் எடுத்துப் படிக்கிறவள், அப்படியும் நம்பினேன்.

சிறுவயதில் வந்த மூட்டுவலிக் காய்ச்சல் என் இதயத்தின் இடப்பக்க வால்வைச் சுருக்கிவிட்டிருந்தது. அது தெரிந்தது நாற்பத்தொரு வயதில். பங்குனி மாதம், தண்ணீரில் பத்து அடி நடந்ததும் மூச்சு வாங்கியது. பொன்னேரியில் பார்த்து சென்னைக்கு அனுப்பினார்கள். சித்திரை 27 அன்று பழைய வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு பொருத்தினார்கள்.

உலோகத்தின் மேல் ரத்தம் உறையப் பார்க்கும். அதனால் ஆயுள் முழுக்க வார்ஃபரின் (ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும் மாத்திரை) சாப்பிட வேண்டும். மாதம் ஒருமுறை ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் காட்டும் எண்) பார்க்க வேண்டும். என் எண் இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் நிற்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். கீரை சாப்பிடலாம், ஆனால் வாரா வாரம் ஒரே அளவில். காயம் படும் வேலை கூடாது. ஏரியில் இறங்கக் கூடாது.

கடைசி வரியைத்தான் என் மனம் ஏற்கவில்லை. வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள் ஏழுமலையோடு தேவி ஏரிக்குப் போனாள். எங்கள் பக்கம் இரண்டிரண்டு பேராகத்தான் இறங்குவோம். ஒருவர் சேற்றைக் கலக்கிக்கொண்டு போக, மற்றவர் தடவிக்கொண்டே வருவார். பதினெட்டு வருடம் அவருக்கு ஜோடி நான். தேவியின் கணவன் எண்ணூர்ப் பக்கம் வேலைக்குப் போய்விடுவதால் அவளுக்கு ஜோடி இல்லை. இருவரும் சேர்ந்து போவதில் ஒரு தவறும் கிடையாது. போகச் சொன்னதே நான்தான்.

ஆனால் அவள் எடுத்துப் போனது என் பறி. அதன் விளிம்பில் என் பல் பதிந்த இடம் பள்ளமாக இருக்கும். கரையில் உட்கார்ந்து இறால் பிரிக்கும்போது பார்ப்பேன். அந்தப் பள்ளத்தில் அவள் பல் இருக்கும். ஏழுமலையைக்கூட நான் அப்படிப் பார்த்ததில்லை. தண்ணீரிலிருந்து வெளியே வரும் அவள் கையைப் பார்த்தேன், கிழிபட்டால் தானே மூடிக்கொள்ளும் அவள் தோலைப் பார்த்தேன்.

ஆவணி 9 அன்று அவள் விரலைக் கட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இன்னாக்கா, என் ரத்தத்தகூட நோட்டுல எழுதினுகீறியா?"

"நின்னுடுச்சா?"

"அது எப்பவோ நின்னுபோச்சு. உன்துதான் ஓடிக்கினே கீது. இந்தா, துணி."

ஏழுமலை சிரித்தார். "அவ ரத்தம் எங்க ஓடப்போவுது? அவளாட்டமே சோம்பேறி."

"நான் சோம்பேறியா மாமா? இன்னிக்கி பறில யாரு புடிச்ச இறால் ஜாஸ்தி?"

எனக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

இந்த இடத்தில் என் நோட்டு பொய் சொல்கிறது. என் நைனா, ஏரி கடலில் சேரும் முகத்துவாரத்தை மணல் அடைத்த நாளையும் திறந்த நாளையும் சுவரில் கரியால் எழுதிவைப்பார். ஒருநாள் பிசகியிருந்தால் அழித்துத் திருத்துவார். அவர் மகள் நான். ஆவணி 10 முதல் 28 வரை என் நோட்டில் ஒவ்வொரு நாளுக்கும் இரண்டே சொல்: "வழக்கம் போல."

நடந்தது வேறு. தேவியிடம் தினமும் ஒரு பிடி பச்சிலை கேட்டேன். "இன்னாத்துக்கு?" என்றாள். "கைக்கு" என்றேன். ஏரிக்குப் போகும் வழியில் வரப்பில் பறித்து, மடியிலிருந்து எடுத்துக் கொடுப்பாள். நான் அதை அம்மியில் அரைத்து, பிழிந்து, காலையில் வெறும் வயிற்றில் குடித்தேன். என் ரத்தம் அவள் ரத்தம்போல ஆக வேண்டும். எண்பது எண்ணுவதற்குள் நின்றால் டாக்டரிடம் காட்டலாம். காட்டினால் ஏரிக்கு விடுவார். என் கணக்கு அவ்வளவுதான். மாத்திரையையும் நிறுத்தவில்லை, அதையும் சேர்த்தே சாப்பிட்டேன். இரண்டும் எனக்குள் எதிரெதிராக இழுத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

உலோக வால்வு சத்தம் போடும். ஒவ்வொரு துடிப்புக்கும் கைக்கடிகாரம் போல ஒரு சிறு 'டிக்'. பக்கத்தில் உட்கார்பவருக்கும் கேட்கும். தேவி அதை என் கடியாரம் என்பாள். ஒருநாள் மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தபோது அந்தச் சத்தம் இல்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உடம்பு வால்வைத் தன்னுடையதாக எடுத்துக்கொண்டுவிட்டது என்று நினைத்தேன். நிம்மதியாகத் தூங்கினேன். அதையும் எழுதவில்லை.

ஆவணி 29 காலை இறால் பிரித்துக்கொண்டிருந்தோம். எனக்கு லேசாக மூச்சு வாங்கியது. தேவி கையை நிறுத்தினாள்.

"அக்கா, உன் கடியாரம் ஓடலியே?"

"ஓடாம நான் எப்டி குந்திக்கினு கீறேன்?"

"வெளாடாத. சத்தம் காணோம்." என் முதுகில் காதை வைத்தாள். ஈரத் தலைமுடி கழுத்தில் பட்டது. "மாமா, ஆட்டோ கூப்டு. பறிய வுடு, நான் பாத்துக்கிறேன், நீ கூப்டு."

சென்னையில் ஸ்கேன் பார்த்தார்கள். வால்வின் ஒரு இதழ் பாதிதான் அசைந்தது. அதன் மேல் ரத்தக்கட்டி. ஐ.என்.ஆர். ஒன்றரைக்கும் கீழே. டாக்டர் என் கட்டிலருகே நின்று கேட்டார்.

"மாத்திரை விட்டீங்களா?"

"இல்ல மேடம்."

"நாட்டு மருந்து, கசாயம், சாறு ஏதாவது?"

"இல்ல."

தேவி காலடியில் நின்றிருந்தாள். "நான் தினோம் எல குடுத்தேன் மேடம். கைக்கு வைக்கன்னு கேட்டுச்சு." என்னைப் பார்த்தாள். "கைக்குத்தானக்கா?"

சொல்லாமல் விட்டால் அவர்கள் தவறான இடத்தில் தேடுவார்கள் என்று தெரிந்தது. சொன்னால் தேவி முன்னால் நான் என்ன ஆவேன் என்பதும் தெரிந்தது. "குடிச்சேன். ரத்தம் நின்னா ஏரிக்கு வுடுவீங்கன்னு" என்றேன்.

தேவி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "என்னாண்ட கேட்டிருந்தா ஏரியே வோணாம்னு வூட்லயே குந்தியிருப்பனேக்கா" என்றாள். அதைக் கேட்டபோதும் எனக்கு முதலில் வந்தது வெட்கம் இல்லை. விட்டுக்கொடுக்க அவளிடம் ஏரி இருக்கிறதே என்ற எரிச்சல்தான்.

கட்டியைக் கரைக்கும் மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். கட்டி உடைந்து மூளைக்குப் போகவும் வாய்ப்பு உண்டு என்று ஏழுமலையிடம் கையெழுத்து வாங்கினார்கள். போகவில்லை. மூன்றாம் நாள் மறுபடி 'டிக்' கேட்டது.

டாக்டர் விளக்கியதை உங்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். காயத்தில் வைப்பது வேறு, குடிப்பது வேறு. பச்சை இலைகளில் வைட்டமின் கே (ரத்தம் உறைய உதவும் சத்து) இருக்கிறது. அரைத்து தினமும் குடித்தால் வார்ஃபரினின் வேலையை அது கெடுக்கும். இதற்கு நேரெதிராக, பூண்டு, இஞ்சி போன்றவற்றை மருந்தாக அதிகம் எடுத்தால் ரத்தப்போக்கு கூடலாம். "உங்க எலதான் முழுக் காரணம்னு நான் எழுத முடியாது, ஆனா குடிக்கிற எதையும் எங்ககிட்ட மறைக்காதீங்க" என்றார். இலையின் பெயரை இங்கே எழுதவில்லை. நோட்டுக்குள் வைத்து உலர்த்திய ஓர் இலை இருக்கிறது. அதைப் பார்த்த ஒரு தாவரவியல் ஆசிரியர், பூ இல்லாமல் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்.

இப்போது தை மாதம். என் எண் மூன்றை ஒட்டி நிற்கிறது. தேவி புதுப் பறி பின்னிக்கொண்டு, பழையதை என் வீட்டு ஆணியில் மாட்டிவிட்டுப் போனாள். எடுத்துப் பார்த்தேன். விளிம்பில் இரண்டு பள்ளம் இருந்தது. அவளுடையது என்னுடையதற்கு ஒரு விரல் தள்ளி. நான் நினைத்ததுபோல அவள் என் இடத்தில் கடிக்கவே இல்லை.

காலையில் அவளும் ஏழுமலையும் தண்ணீரில் இறங்குவதைப் பார்க்கும்போது பொறாமை இன்னும் வருகிறது. முன்பு நேரத்தை வெயிலிலும் தண்ணீர் மட்டத்திலும் பார்ப்பேன். இப்போது நெஞ்சுக்குள் கேட்கிறேன். தினமும் கையை மார்பில் வைத்து, சத்தம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் தேதி எழுதுகிறேன். தேவியும் வந்து உட்காரும்போது காதைச் சாய்க்கிறாள். எனக்குக் கேட்பதற்கு முன் அவளுக்குக் கேட்டுவிடுகிறது. அதிலும் எனக்குப் பொறாமைதான்.

ஒன்று பாக்கி. வால்வின் சத்தம் நின்ற நாள் எது என்று டாக்டர் கேட்டார். தேவி ஆவணி 26 என்கிறாள்; அன்றைக்கே சந்தேகம் வந்ததாம், கேட்டால் நான் கோபிப்பேனோ என்று பேசாமல் இருந்தாளாம். ஏழுமலை 24 என்கிறார். சத்தம் இல்லாமல் நான் நிம்மதியாகத் தூங்கிய மதியம் எந்தத் தேதி என்று எனக்கும் நினைவில்லை. இரண்டு நாளிலும் என் நோட்டில் "வழக்கம் போல" என்று இருக்கிறது. அந்த நாள் எது என்பது இதுவரை உறுதியாகவில்லை.