பனிக்கட்டிக் கப்பலடியில்

நிரோஜா மட்டக்களப்பிலிருந்து கலியாணமாகி ஒஸ்லோவுக்கு வந்தபோது அவளுக்கு இருபத்துநான்கு வயது. கணவன் றொனால்ட் தச்சு வேலை செய்பவன். ரொம்சோஸ் பகுதியில் ஒரு அடுக்குமாடி வீட்டில், வந்த மூன்றாம் மாதம், சோறு குழைந்துவிட்டது என்று முதல் அடி விழுந்தது. பதினொரு வருடத்தில் இரண்டு விலா எலும்புகளும் இடது மணிக்கட்டும் உடைந்தன. ஒவ்வொரு முறையும் பனியில் வழுக்கியதாக மருத்துவரிடம் சொன்னாள். ஒருமுறை அது யூலை மாதம், நடுக்கோடை.

உண்மையைச் சொன்னது மகள் சாருகாதான். எட்டு வயதில், பள்ளி ஆசிரியையிடம். அந்த வாரமே தாயும் மகளும் பெண்கள் காப்பகத்துக்குப் போனார்கள். றொனால்ட் அவர்களை நெருங்கக்கூடாது என்று தடை உத்தரவும் வந்தது. பிறகு ஸ்டோவ்னரில் ஒரு சின்ன வீடு. முதியோர் இல்லமொன்றின் சலவைப் பகுதியில் நிரோஜாவுக்கு வேலை.

அங்கே துணி ஏற்றும் வேனை ஓட்டியவர் இராஜதுரை. றொனால்டுக்கும் தெரிந்தவர். சனிக்கிழமை மகளுக்குப் பனிச்சிற்பம் காட்டப் போவதாக நிரோஜா அவரிடம் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். பிள்ளையைக் காண ஏங்குகிறேன் என்று றொனால்ட் அழுதபோது இராஜதுரை இரங்கி, இடத்தைச் சொல்லிவிட்டார்.

சனி நண்பகல் துறைமுகச் சதுக்கத்தில் குளிர்கால விழா நடந்துகொண்டிருந்தது. கரடி, மாளிகை, ஆள் உயரத்துக்கு ஒரு கப்பல், எல்லாம் பனிக்கட்டி. சிற்பி ஒருத்தி கப்பலின் பாயைச் செதுக்கிவிட்டு உளியைக் கீழே வைத்து, கோப்பி வாங்கப் போயிருந்தாள். சாருகாவைக் கப்பலோடு படமெடுக்க நிரோஜா கையுறையைக் கழற்றினாள்.

பின்னாலிருந்து அவள் கூந்தலை ஒரு கை பிடித்தது. என்னவென்று விளங்குவதற்குள் முகம் கப்பலில் மோதியது. இரண்டாம் முறை மோதியபோது முன்பல் உடைந்தது. கீழுதடு பனிக்கட்டியில் ஒட்டி, அவன் இழுத்தபோது தோலோடு பிய்ந்து வந்தது. கீழே விழுந்தவளின் வயிற்றில் உதைத்தான். கரடிக்குப் பக்கத்தில் நின்றவர்கள் ஏதோ நாடகம் என்று நினைத்தார்களாம். இரத்தத்தைக் கண்ட பிறகுதான் கத்தினார்கள்.

"பிள்ளையைப் பிரிச்சிட்டுப் படமெடுக்கிறியோ?" என்று கேட்டபடி றொனால்ட் உளியை எடுத்தான்.

முதல் குத்து தடித்த குளிர்ச்சட்டையைக் கிழித்துத் தோளில் இறங்கியது. அவன் மறுபடி ஓங்கியபோது, கிடந்தபடியே அவன் முழங்காலில் உதைத்தாள். வழுக்காமலிருக்க அவள் சப்பாத்தில் இரும்பு முட்கள் மாட்டியிருந்தாள். அவன் அலறி விழுந்தான். நிரோஜா எழுந்து, உளி பிடித்திருந்த கையை மிதித்தாள். உளி கழன்று உருண்டது. மறுபடி மிதித்தாள். விரல்கள் முறியும் சத்தம் கேட்டது. மறுபடியும் மிதித்தாள்.

"அம்மா, காணும், விடுங்கோ," என்றாள் சாருகா.

ஐந்தாவது மிதியோடு நிரோஜா நின்றாள்.

றொனால்டின் இரண்டு விரல்களை வெட்டியெடுக்க வேண்டியதாயிற்று. அதனால் நிரோஜா மீதும் பொலிஸ் விசாரணை தொடங்கியது. உளி விழுந்ததைத் தான் காணவில்லை என்று சொன்னால் வழக்கு இலேசாக முடியும் என்று அவளுடைய வழக்கறிஞர் ஜாடையாகச் சொல்லியிருந்தார். பதினொரு வருடம் பொய் சொல்லிக் களைத்திருந்தவள் மொழிபெயர்ப்பாளரைப் பார்த்துச் சொன்னாள்:

"கண்டனான். விழுந்ததைக் கண்டும் மிதிச்சனான். அப்பிடியே எழுதுங்கோ."

விசாரணை ஐந்து மாதம் இழுத்தது. கடைசியில் அவள் மீதான வழக்கைக் கைவிட்டார்கள்.

றொனால்டின் உறவினர்கள் தொலைபேசியில் சமாதானம் பேசினார்கள். கோபத்தில் நடந்தது, தடை உத்தரவு பற்றி அவனுக்குச் சரியாக விளங்கவில்லை என்று அவன் தரப்பு நீதிமன்றத்தில் வாதிடப் போவதாகவும் கேள்விப்பட்டாள். அப்போது யாரும் கூப்பிடாமலே இராஜதுரை சாட்சி சொல்ல வந்தார். இடத்தை அறிந்துகொண்ட பிறகு, தடை இருப்பது தெரியும், அவளை அழவைக்காமல் விடமாட்டேன் என்று முதல்நாள் றொனால்ட் தன்னிடம் சொன்னதையும், அதை வெறும் கோபப் பேச்சென்று தான் விட்டுவிட்டதையும் எடுத்துச் சொன்னார். பிள்ளைப் பாசம் என்று நம்பி இடத்தைச் சொன்னது தானே என்பதையும் மறைக்கவில்லை. றொனால்டுக்கு நாலு வருடச் சிறை கிடைத்தது.

வெளியே தாழ்வாரத்தில் இராஜதுரை மன்னிப்புக் கேட்டார். "நீங்கள் சாட்சி சொன்னது பெரிய உதவி, அண்ணை. ஆனா இனி என்னோட கதைக்க வேண்டாம்," என்றாள் நிரோஜா. சலவைப் பகுதி வேலையையும் விட்டாள்.

இப்போது மோர்டென்ஸ்ருட்டில் இருக்கிறார்கள். நிரோஜா முதியோர் பராமரிப்புப் படித்து முடித்துவிட்டாள். முன்பல் கட்டியாயிற்று. தோள் மட்டும் குளிருக்குக் குத்தும். போன மாதம் சுரங்க ரயிலில் சாருகா திடீரென்று கேட்டாள், அன்று தான் காணும் என்று சொல்லியிராவிட்டால் அம்மா மிதிப்பதை நிறுத்தியிருப்பாளா என்று.



"தெரியாது, பிள்ளை," என்றாள் நிரோஜா.

சாருகா தாயின் காயப்பட்ட தோளில் படாதபடி அவள்மீது சாய்ந்துகொண்டாள்.